கடலடி சரிந்தால் கரைக்கு எத்தனை நிமிடம்?

சுனாமி என்றதும் நிலநடுக்கத்தை நினைப்பது, 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு கிழக்குக் கரை முழுவதும் ஊறிப்போன வழக்கம். அன்று காலை 6.28 மணிக்குச் சுமத்ரா அருகே 9.1 அளவில் பூமி அதிர்ந்தது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து அலை வந்தது. தமிழகத்தில் மட்டும் சுமார் 8,000 உயிர்கள் போயின. ஆந்திரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆனால் சுனாமி எழக் கடலடி அதிர்ந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் கண்டத்திட்டின் விளிம்பில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து கிடக்கும் சேறும் மணலும் ஒருநாள் பிடிப்பு விட்டுச் சரிந்தாலே போதும். மேலே நிற்கும் நீர் நிலைகுலைந்து அலையாகக் கிளம்பிவிடும். இந்த வகைச் சுனாமிக்கு முன் வலுவான அதிர்வு வரலாம். மெல்லிய அதிர்வு மட்டும் வரலாம். யாரும் உணரும்படி எதுவுமே வராமலும் போகலாம்.

2022 ஏப்ரல் 4 அன்று பழைய சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளை இணைத்துத் திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டபோது, மலைக்கும் கோயிலுக்கும் பேர்போன திருப்பதிக்கு ஒரு கடற்கரையும் வந்து சேர்ந்தது. சித்தூர் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. திருப்பதி மாவட்டத்துக்கோ ஸ்ரீஹரிகோட்டாத் தீவு, அதன் முதுகுப்புறம் தமிழகம் வரை நீளும் பழவேற்காடு ஏரி, வாகாடு பக்கத்து மீனவக் குப்பங்கள் எல்லாம் உண்டு. 1971 அக்டோபர் 9-ல் முதல் ராக்கெட் கிளம்பியதிலிருந்து நாட்டின் விண்வெளிப் பயணங்கள் தொடங்கும் கரையும் அதுதான். அதற்கு எதிரே வங்கக் கடலின் அடியில் ஒரு பெருஞ்சரிவு நடந்தால் என்ன ஆகும், எத்தனை நிமிடத்தில் ஆகும் என்பதைக் கணினியில் முன்கூட்டியே போட்டுப் பார்த்துவிட முடியும். அதற்கான கணிதம் கடந்த முப்பது ஆண்டுகளில் நன்றாக முதிர்ந்திருக்கிறது.

சேறு எப்போது பிடிப்பு விடும்?

மலைச்சரிவு என்றால் என்னவென்று திருப்பதிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2021 நவம்பரில் கொட்டித் தீர்த்த மழைக்குப் பின், டிசம்பர் 1 அன்று திருமலையின் மலைப்பாதையில் பெரும் பாறைகள் உருண்டு விழுந்து சாலையை உடைத்தன. பாறை இடுக்குகளில் புகுந்த மழைநீர் உள்ளிருந்து அழுத்தியது. செங்குத்தான மலை மீதியைப் பார்த்துக்கொண்டது.

கடலடியில் சாய்வு அவ்வளவு செங்குத்தாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. நார்வே கரைக்கு அப்பால் சுமார் 8,150 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஸ்டோரெக்கா சரிவில் ஏறக்குறைய 3,000 கன கிலோமீட்டர் வண்டல் நகர்ந்தது. அந்தக் கடலடியின் சாய்வு ஒரு பாகைக்கும் குறைவு. கண்ணுக்குச் சமதரையாகவே தெரியும் அளவு அது. அப்படியிருந்தும் எழுந்த அலை ஷெட்லாந்து தீவுகளில் 20 மீட்டருக்கும் மேல் ஏறி மணலை விட்டுச் சென்றிருக்கிறது.

இவ்வளவு மெல்லிய சாய்வில் மண் ஏன் நழுவுகிறது என்பதற்கு விடை, மண் துகள்களுக்கு நடுவே சிக்கிக்கொண்ட நீரில் இருக்கிறது. ஆறுகள் வேகமாக வண்டலைக் கொண்டுவந்து கொட்டும்போது, அடியில் இருக்கும் களிமண்ணிலிருந்து நீர் வடிய அவகாசம் கிடைப்பதில்லை. மேலே பாரம் ஏற ஏற, அந்தப் பாரத்தைத் துகள்கள் தாங்குவதற்குப் பதில் நீர் தாங்கத் தொடங்குகிறது. துகளும் துகளும் ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கும் பிடிப்பு தளர்கிறது. அந்த நிலையில் சிறு தூண்டுதல் போதும். நடுத்தர நிலநடுக்கம் ஒன்று அதைச் செய்யலாம். ஆழ்கடல் வண்டலில் உறைந்திருக்கும் மீத்தேன் ஹைட்ரேட் இளகி வாயுவாக மாறுவதும் செய்யலாம். புயலும் செய்யும்: 1969-ல் கமீல் சூறாவளியின் அலைகள் மிசிசிப்பி ஆற்றுமுகத்துக் கடலடியை அழுத்தி அழுத்தித் தளர்த்தி, சேற்றைச் சரியவைத்து, எண்ணெய்த் துரப்பண மேடையைக் கவிழ்த்தன.

கடலடிச் சரிவின் வேகம் எவ்வளவு என்பதை உலகம் தற்செயலாகத்தான் அறிந்தது. 1929 நவம்பர் 18 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கிராண்ட் பேங்க்ஸ் பகுதியில் 7.2 அளவில் நிலநடுக்கம் வந்தது. அட்லாண்டிக் கடலடியில் கிடந்த பன்னிரண்டு தந்திக் கேபிள்கள் அறுந்தன. நடுக்க மையத்துக்குப் பக்கத்தில் இருந்தவை உடனே போயின. மற்றவை ஆழத்தை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக, பதின்மூன்று மணி நேரம் வரை அறுந்துகொண்டே போயின. ஒவ்வொரு கேபிளும் உயிர்விட்ட நேரம் தந்தி நிலையங்களில் நிமிடக் கணக்கில் பதிவாகியிருந்தது. 1952-ல் ஆய்வாளர்கள் ஹீசனும் யூயிங்கும் அந்த நேரங்களை வைத்துக் கணக்குப் போட்டார்கள். சரிந்த சேறு நீரோடு கலந்து, மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மிஞ்சிய வேகத்தில் கடலடியில் ஓடியிருந்தது. அந்தச் சரிவு எழுப்பிய சுனாமிக்கு 28 பேர் பலியானார்கள்.

ஐயம் தீர்த்த பப்புவா நியூ கினி

கடலடிச் சரிவு ஊரையே அழிக்கும் சுனாமியை எழுப்பும் என்பதை அறிவியல் உலகம் முழுமனதாக ஏற்கவைத்தது 1998 ஜூலை 17. அன்று மாலை பப்புவா நியூ கினியின் ஐத்தாப்பே கடற்கரையில் 7.0 அளவில் நிலநடுக்கம். அந்த அளவு நடுக்கத்துக்கு வழக்கமான கணினி மாதிரிகள் தந்த அலை, அங்கே உண்மையில் வந்த அலைக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. சிசானோ கடற்கழிக்கும் கடலுக்கும் நடுவே குறுகிய மணல்திட்டில் இருந்த ஊர்கள் மீது 10 முதல் 15 மீட்டர் உயர அலை பாய்ந்தது. 2,100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

அடுத்த ஆண்டே ஆய்வுக்கப்பல்கள் அங்கே போய்க் கடலடியை வரைபடமாக்கின. சுமார் 6.4 கன கிலோமீட்டர் வண்டல் ஒரே கட்டியாகச் சுழன்று இறங்கிய தழும்பு தெரிந்தது. 10 கன மீட்டர் பிடிக்கும் டிப்பர் லாரியில் அதை அள்ளினால் 64 கோடி நடை ஆகும். வேக் தீவருகே நீருக்கடியில் இருந்த ஒலிவாங்கிகளில், நிலநடுக்கத்துக்குப் பத்து நிமிடத்துக்கும் மேல் கழித்து ஐத்தாப்பே பக்கமிருந்து வந்த தனி ஓசை ஒன்று பதிவாகியிருந்தது. அந்த நேரத்தையும் அந்தக் கட்டியின் அளவையும் கணினியில் இட்டபோதுதான், உயிர் பிழைத்தவர்கள் சொன்ன அலை உயரமும் வந்த நேரமும் கணக்கோடு ஒத்துப்போயின. டேவிட் டாப்பின், பில் வாட்ஸ், கோஸ்டாஸ் சினொலாக்கிஸ், எமில் ஓகல் ஆகியோரின் இந்த ஆய்வுகள் ஒரு துறையையே திருப்பிவிட்டன.

அந்தக் கடற்கரையின் அமைப்பைக் கவனித்துப் படிக்க வேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழி, நடுவில் தாழ்ந்த மணல். ஸ்ரீஹரிகோட்டாவும் அதே அமைப்புதான், பல மடங்கு பெரியது.

கணினிக்குள் நடப்பது

நிலநடுக்கச் சுனாமியைக் கணக்கிடுவது ஒப்பீட்டளவில் எளிது. பிளவின் நீளம், அகலம், ஆழம், நழுவிய தூரம் தெரிந்தால், கடலடி எவ்வளவு உயர்ந்தது, எவ்வளவு தாழ்ந்தது என்பது கிடைக்கும். அது நொடிகளில் நடந்துவிடுவதால், கடல் மேற்பரப்பும் அதே வடிவில் எழும்பியதாகவே எடுத்துக்கொள்ளலாம். அதன் பிறகு அந்த நீர்மேடு எப்படிப் பரவுகிறது என்பது மட்டுமே கணக்கு.

சரிவுச் சுனாமியில் அந்த வசதி இல்லை. சரிவு பல நிமிடங்கள் ஓடுகிறது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலே அலை எழுந்து விலகிப்போகிறது. ஆகவே கணினி இரண்டு பொருள்களை ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டும்: அடியில் ஓடும் சேறு, மேலே ஓடும் நீர்.

சேற்றை எப்படி நகர்த்துவது என்பதில்தான் ஆய்வாளர்களுக்குள் அதிக வாதம். எளிய மாதிரிகள் அதை உருவம் மாறாத ஒரு திண்மக்கட்டியாக எடுத்துக்கொண்டு, புவியீர்ப்பு, உராய்வு, நீரின் எதிர்ப்பு ஆகியவற்றைச் சேர்த்துச் சறுக்கவிடுகின்றன. அடுத்த நிலை மாதிரிகள் சேற்றைக் கெட்டியான கூழ்போல நடத்துகின்றன: ஒரு வரம்பு வரை அழுத்தினால் அசையாது, வரம்பு தாண்டினால் வழியும். இன்னும் நுட்பமானவை மணலும் களியும் நீரும் தனித்தனியே நகர்ந்து கலப்பதைக் கணக்கில் எடுக்கின்றன. எது சரி என்பது இடத்தைப் பொறுத்தது. கெட்டியான களிமண் கட்டியாகச் சுழலும். தளர்ந்த வண்டல் சிதறி ஓடும். ஐத்தாப்பே சரிவைச் சுழலும் கட்டியாக எடுக்காவிட்டால் கணக்கு சரிவராது. ஸ்டோரெக்காவைக் கட்டியாக எடுத்தால் சரிவராது. அங்கே சரிவு கீழே தொடங்கி, ஆதரவு இழந்த மேல்மண் அடுத்தடுத்து விழ, பின்னோக்கிப் படிப்படியாகப் பரவியது.

அலையின் உயரத்தைத் தீர்மானிப்பவற்றில் கன அளவு முதன்மையானது. அதற்கு இணையாகவே முக்கியமானது, சரிவு தொடங்கிய கணத்தில் அது எவ்வளவு சட்டென்று வேகம் பிடித்தது என்பது. மெதுவாக நகரத் தொடங்கும் பெருஞ்சரிவைவிடத் திடீரென்று பெயர்ந்து விழும் நடுத்தரச் சரிவு உயரமான அலையை எழுப்பக்கூடும். ஆழமும் உண்டு: அதே சரிவு 300 மீட்டர் ஆழத்தில் நடப்பதற்கும் 2,000 மீட்டர் ஆழத்தில் நடப்பதற்கும் அலையில் பெரும் வேறுபாடு. ஆழம் குறையக் குறைய ஆபத்து கூடும்.

அலை பரவும் வேகத்துக்குச் சூத்திரம் மிகச் சிறியது: புவியீர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 710 கிலோமீட்டர். 50 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டர். இது அலைநீளம் ஆழத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும்வரை மட்டுமே பொருந்தும். 2004-ல் பிளவு சுமார் 1,300 கிலோமீட்டர் நீளம் கிழிந்தது. அலைநீளங்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அதற்கு எளிய சமன்பாடுகளே போதும். சரிவோ சில கிலோமீட்டர் அகலம்தான். அது எழுப்பும் அலை குட்டையானது. குட்டை அலையில் சிறியவை பின்தங்கும், நீளமானவை முந்தும். ஓர் அலை பல அலைகளாகச் சிதறும். இந்தச் சிதறலைக் கணக்கில் எடுக்காத மாதிரிகள், தொலைதூரக் கரைகளில் அலையை மிகைப்படுத்திக் காட்டிவிடும்.

அதனால்தான் இதற்கென்றே தனி மென்பொருள்கள் வந்தன. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கர்பியின் குழு உருவாக்கிய ஃபன்வேவ், சிதறலைக் கணக்கிடும் சமன்பாடுகளால் ஆனது. அதே குழுவின் என்எச்வேவ் நீரைப் பல அடுக்குகளாகப் பிரித்து, செங்குத்து அசைவையும் பின்தொடர்கிறது. பலரும் சரிவு நடக்கும் முதல் சில நிமிடங்களை அடுக்கு மாதிரியில் ஓட்டிவிட்டு, பிறந்த அலையை ஃபன்வேவிடம் ஒப்படைத்துக் கரை வரை கொண்டுசேர்க்கிறார்கள். ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் பிறந்த டுனாமி-என்2 இந்தியாவில் நன்கு பழகிய மென்பொருள். ஆனால் அது நிலநடுக்க அலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

கடலைக் கணினி சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஆழ்கடலில் இரண்டு, மூன்று கிலோமீட்டர் கட்டம் போதும். கரையில் பத்து மீட்டர் கட்டம் வேண்டும். நேரத்தையும் சிறு சிறு அடிகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு நேர அடியில் அலை ஒரு கட்டத்தைத் தாண்டிவிடக் கூடாது என்பது விதி. எனவே கட்டத்தைப் பாதியாக்கினால் கட்டங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகும், நேர அடிகளும் இரண்டு மடங்காகும். வேலை எட்டு மடங்கு. நீரை அடுக்குகளாகவும் பிரித்தால் அதற்கும் மேல். கரைக்கு அருகில் மட்டும் நுண்கட்டங்களை உள்ளே உள்ளே அடுக்குவதும், வரைகலை அட்டைச் சில்லுகளில் கணக்கை ஓட்டுவதும் இதற்காகத்தான்.

கணக்கு சரியா என்று எப்படித் தெரியும்?

ஆய்வகத் தொட்டிதான் முதல் தேர்வு. சாய்வான தளத்தில் அலுமினியக் கட்டியையோ கண்ணாடி மணிகளையோ நீருக்கடியில் சறுக்கவிட்டு, எழும் அலையை அளந்து, மாதிரி அதையே தருகிறதா என்று பார்க்கிறார்கள். 2017 ஜனவரியில் டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரில் அமெரிக்க ஆய்வாளர்கள் கூடி, இத்தகைய பொதுச் சோதனைகளில் எல்லா மென்பொருள்களையும் ஓட்டி ஒப்பிட்டார்கள். தொட்டிச் சோதனைகளோடு ஓர் உண்மை நிகழ்வையும் சேர்த்துக்கொண்டார்கள்: 1964 அலாஸ்கா நிலநடுக்கத்தில் வால்டெஸ் துறைமுகத்தின் முன்பகுதியே கடலுக்குள் சரிந்தபோது எழுந்த அலை.

இரண்டாவது தேர்வு, தெரிந்த அலையிலிருந்து தெரியாத சரிவைத் தேடிப் பின்னோக்கி நடப்பது. இந்தியப் பெருங்கடலிலேயே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2013 செப்டம்பர் 24 அன்று பாகிஸ்தானின் பலுசிஸ்தானில், கடற்கரையிலிருந்து வெகு உள்ளே, 7.7 அளவில் நிலநடுக்கம். நிலத்துக்குள் நடந்த நடுக்கம் கடலில் சுனாமி எழுப்ப வாய்ப்பில்லை. ஆனால் ஓமானின் குராயத்தில் கடல்மட்டமானி ஏறக்குறைய ஒரு மீட்டர் ஏற்ற இறக்கத்தைப் பதிவுசெய்தது. அதே நாளில் குவாதர் அருகே கடலிலிருந்து சேற்றுத் தீவு ஒன்றும் எழுந்திருந்ததால், எல்லோரும் அதைத்தான் காரணம் என்றார்கள். ஆய்வாளர்கள் முகமது ஹைதர்சாதேயும் கெஞ்சி சடாக்கேயும் அந்தத் தீவைக் கணினியில் எழுப்பிப் பார்த்தார்கள்; பதிவான அலை வரவில்லை. 10 முதல் 15 கிலோமீட்டர் அளவும் சுமார் 100 மீட்டர் தடிமனும் கொண்ட கடலடிச் சரிவை வைத்தபோது அலையின் உயரமும் கால இடைவெளியும் பொருந்தின. 1945-ல் மும்பை வரை உயிர்வாங்கிய சுனாமியை எழுப்பிய அதே மக்ரான் கடல் அது.

முன்பே சொன்ன கணக்குகள்

இந்தத் துறையின் நெஞ்சை உறுத்தும் நிகழ்வு 2018 டிசம்பர் 22 இரவு இந்தோனேசியாவில் நடந்தது. சுந்தா நீரிணையில் அனாக் கிராக்கத்தாவ் எரிமலையின் தென்மேற்குப் பக்கம் இடிந்து கடலில் விழுந்தது. ஜாவா, சுமத்ரா கரைகளில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடற்கரை விடுதியில் இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே அலை மேடையைத் தூக்கிய காட்சியை உலகமே பார்த்தது. எச்சரிக்கை ஒலிக்கவில்லை. பெரிய நிலநடுக்கம் எதுவும் பதிவாகாததால் எச்சரிக்கை அமைப்புக்குச் செய்தியே போகவில்லை.

ஆனால் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 2012-ல், ஜியாக்கெட்டி தலைமையிலான குழு இதே எரிமலையின் இதே பக்கம் இடிந்தால் என்ன ஆகும் என்று கணினியில் ஓட்டி வெளியிட்டிருந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட கன அளவு 0.28 கன கிலோமீட்டர். ஜாவாவின் மேற்குக் கரை ஊர்களுக்கு 35 முதல் 45 நிமிடத்தில் அலை வரும், மூன்று மீட்டருக்கும் மேல் உயரலாம் என்று அந்தக் கணக்கு சொன்னது. உண்மையில் அரைமணி நேரத்தை ஒட்டி அலை வந்தது. கணக்கு தாளில் இருந்தது. இடிவைக் கண்டு மணியடிக்கும் கருவி எரிமலையில் இல்லை. உயிர்களைக் காத்திருக்கக்கூடிய அரைமணி நேரம் அப்படியே கரைந்துபோனது.

இந்தியாவிலும் இதே கதை, கடலில் அல்ல, இமயமலை ஏரியில். சிக்கிமின் தெற்கு லோனாக் பனியேரியில் மண்ணும் பனியும் சரிந்து விழுந்தால் வெள்ளம் எங்கே, எவ்வளவு பாயும் என்று இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு கணக்கிட்டு 2021-ல் வெளியிட்டது. 2023 அக்டோபர் 3 இரவு ஏரியின் பக்கவாட்டிலிருந்து சுமார் 1.47 கோடி கன மீட்டர் உறைமண் நீருக்குள் விழுந்தது. ஏறக்குறைய 20 மீட்டர் உயர அலை எழுந்து கரையை உடைத்தது. சுங்தாங்கில் இருந்த தீஸ்தா-3 அணை அடித்துச் செல்லப்பட்டது. சரிவு, அலை, பாய்வு என்ற மூன்று கட்டங்களையும் ஓட்டும் சமன்பாடுகள் கடலுக்கும் ஏரிக்கும் ஒன்றேதான்.

வங்கக் கடலடியில் என்ன கிடக்கிறது?

இந்தியக் கரைகளில் கடலடி சரிந்திருக்கிறது என்பதற்கு ஐயமற்ற சான்றுகள் உண்டு. சௌராஷ்டிரக் கரைக்கு அப்பால் அரபிக் கடலின் அடியில், ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் சரிந்த பெருஞ்சரிவு ஒன்று 2015-ல் அறிவிக்கப்பட்டது. கன அளவு சுமார் 19,000 கன கிலோமீட்டர், அதாவது ஸ்டோரெக்காவைப்போல் ஆறு மடங்கு. அதற்கு நடராஜச் சரிவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வங்கக் கடல் பக்கம் கிருஷ்ணா-கோதாவரி படுகை முக்கியமானது. இரண்டு பேராறுகளும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கொட்டிய வண்டல் அங்கே, கண்டத்திட்டு ஆழ்கடலுக்கு இறங்கும் கண்டச்சாய்வில் குவிந்திருக்கிறது. நில அதிர்வுப் படங்களிலும் கடலடி வரைபடங்களிலும் பழைய சரிவுகளின் தழும்புகளும், சரிந்து போய்ப் படிந்த மண் அடுக்குகளும் தெளிவாகத் தெரிகின்றன. 2006-ல் தேசிய எரிவாயு ஹைட்ரேட் திட்டத்தின் துளையிடும் பயணம், இதே படுகையில் சுமார் 128 மீட்டர் தடிமனுள்ள மீத்தேன் ஹைட்ரேட் அடுக்கைக் கண்டது. வேகமான வண்டல், சிக்கிய நீர், உறைந்த வாயு: சரிவுக்கு வேண்டிய பொருள்கள் ஒரே இடத்தில் இருக்கின்றன. தெற்கே புதுச்சேரி, கடலூர் கரைகளுக்கு அப்பால் கண்டச்சாய்வை ஆழமான கடலடிப் பள்ளத்தாக்குகள் அறுத்திருக்கின்றன. அவற்றின் செங்குத்துச் சுவர்களும் சரியக்கூடியவை.

இதை வைத்து நாளையே அலை வரும் என்று பயமுறுத்துவது தவறு. பெருஞ்சரிவுகளுக்கு இடையே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கூடப் போகலாம். ஆனால் அதே கடலடியில் இன்று தொழில் நடக்கிறது. கிருஷ்ணா-கோதாவரி படுகையில் ரிலையன்ஸின் கேஜி-டி6 வயலில் 2009 முதல் எரிவாயு எடுக்கப்படுகிறது. ஓஎன்ஜிசியின் ஆழ்கடல் வயலிலிருந்து 2024 ஜனவரியில் எண்ணெய் வரத் தொடங்கியது. இதற்கு நார்வே ஒரு முன்மாதிரி காட்டியிருக்கிறது. ஸ்டோரெக்கா சரிவின் தழும்புக்கு உள்ளேயே ஆர்மன் லாங்கே என்ற எரிவாயு வயல் இருக்கிறது. 2007-ல் உற்பத்தி தொடங்குவதற்கு முன், சாய்வு மறுபடி சரியுமா, சரிந்தால் கரைக்கு என்ன அலை வரும் என்பதைப் பல்லாண்டு ஆராய்ந்து, முடிவுகளை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். அந்த ஆய்வுகளால்தான் இன்று உலகம் ஸ்டோரெக்காவைப் பற்றி இவ்வளவு அறிந்திருக்கிறது. கிருஷ்ணா-கோதாவரி படுகைக்கும் அத்தகைய பொதுவெளி ஆய்வு தேவை.

ஐதராபாத்தின் கண்ணும் அதன் குருட்டுப் புள்ளியும்

2004-க்குப் பிறகு இந்தியா சும்மா இருந்துவிடவில்லை. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸில் 2007 அக்டோபரில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் திறக்கப்பட்டது. 2011 முதல் இந்தியப் பெருங்கடல் நாடுகள் பலவற்றுக்கும் அது எச்சரிக்கை தருகிறது. நிலநடுக்கம் பதிவான சில நிமிடங்களில், முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமித்த மாதிரிகளிலிருந்து பொருத்தமானதை எடுத்து, எந்தக் கரைக்கு எத்தனை மீட்டர், எத்தனை மணிக்கு என்று சொல்லிவிடும். ஆழ்கடல் அழுத்தமானிகளும் கரையோரக் கடல்மட்டமானிகளும் அதை உறுதிப்படுத்தும்.

அந்தக் கணக்குக் களஞ்சியம் நிலநடுக்கப் பிளவுகளை அடிப்படையாகக் கொண்டது. நடுக்கத்தின் அளவும் இடமும்தான் அதைத் திறக்கும் சாவி. 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நடுக்கம் வந்தபோது, தட்டுகள் பக்கவாட்டில் உரசியதால் கடலடி பெரிதாக உயரவில்லை. பெரிய அலையும் வரவில்லை. அதே பக்கவாட்டு உரசல் 2018 செப்டம்பர் 28-ல் இந்தோனேசியாவின் பாலு வளைகுடாவில் 7.5 அளவில் நடந்தபோது, வளைகுடாவின் ஓரங்கள் ஆங்காங்கே கடலுக்குள் சரிந்தன. சில நிமிடங்களில் அலை ஊருக்குள் புகுந்தது. நடுக்கத்தின் அளவை மட்டும் பார்த்தால் 2012-தான் பல மடங்கு பெரியது.

இந்தக் குருட்டுப் புள்ளியை நிரப்பச் சில வழிகள் தெரிந்தவையே. கண்டத்திட்டின் விளிம்பிலேயே அழுத்தமானிகளை வைத்தால், எதனால் எழுந்த அலையானாலும் கரைக்கு வரும் முன் தெரியும். கடலடி ஒளியிழைக் கேபிளில் லேசர் ஒளியை அனுப்பி, அது திரும்பும் விதத்திலிருந்து கேபிள் நெடுக நடக்கும் அதிர்வைக் கேட்கும் முறை இப்போது வந்திருக்கிறது. 1929-ல் அறுந்து செய்தி சொன்ன கேபிள், இன்று அறுவதற்கு முன்பே செய்தி சொல்லும். சென்னையிலிருந்து அந்தமான் வரை சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 முதல் இயங்குகிறது. அது வங்கக் கடலின் கண்டச்சாய்வைக் கடந்துதான் போகிறது. அதை இதற்குப் பயன்படுத்திப் பார்ப்பது செலவு குறைந்த தொடக்கமாக அமையும்.

ஸ்ரீஹரிகோட்டாவுக்கான கணக்கு

திருப்பதி மாவட்டக் கரைக்கு நேர் எதிரே, கண்டத்திட்டின் விளிம்பு 50 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாகவும், நடுவில் சராசரி ஆழம் 50 மீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், விளிம்பில் எழும் அலை கரைதொட ஏறக்குறைய 37 நிமிடம் ஆகும். 2004-ல் கிடைத்த அவகாசத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சரிவு கடலை நோக்கி ஓடுவதால், விட்டுச்சென்ற இடத்தில் நீர் தாழும். ஆகவே கரையில் முதலில் கடல் உள்வாங்கும், பிறகுதான் ஏறும்.

இந்தக் கரைக்கு உண்மையான மாதிரி போடச் சில தகவல்கள் அவசியம். கடலடி வரைபடம் முதலாவது. உலகக் கடலடியில் இதுவரை நேரடியாக அளந்து வரைந்தது சுமார் நான்கில் ஒரு பங்குதான். இலவசமாகக் கிடைக்கும் உலக வரைபடத்தில் ஒரு கட்டம் ஏறக்குறைய 450 மீட்டர். சரிவுத் தழும்பைக் கண்டுபிடிக்க அதைவிடப் பல மடங்கு நுட்பம் வேண்டும். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் சமுத்ர ரத்னாகர் போன்ற கப்பல்கள் அதைச் செய்யும் திறனுள்ளவை. அடுத்தது கண்டச்சாய்விலிருந்து எடுத்த மண்மாதிரி. மண்ணின் வலு தெரியாமல் சரிவின் கன அளவை ஊகிக்க முடியாது. அதற்குப் பிறகும் ஒற்றை விடை கிடைக்காது. கன அளவையும் இடத்தையும் உராய்வையும் மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கான முறை ஓட்டி, எந்த அலைக்கு எவ்வளவு வாய்ப்பு என்றே சொல்ல முடியும்.

நிலத்தின் வரைபடமும் அதே அளவு முக்கியம். ஸ்ரீஹரிகோட்டா தாழ்ந்த மணல்தீவு. அதன் பின்னால் ஆழமற்ற ஏரி, பருவத்துக்குப் பருவம் மணல் மூடித் திறக்கும் முகத்துவாரங்கள், பக்கிங்காம் கால்வாய். முகத்துவாரம் திறந்திருக்கும் மாதத்தில் அலை ஏரிக்குள் எவ்வளவு புகும், மூடியிருக்கும்போது எவ்வளவு புகும் என்பது இரண்டு தனிக் கணக்குகள். சூலூர்பேட்டையிலிருந்து தீவுக்குப் போகும் சாலை ஏரியின் நடுவே போகிறது. அந்தச் சாலை எத்தனையாவது நிமிடத்தில் மூழ்கும், மூழ்குமா என்பதும் மாதிரி சொல்ல வேண்டிய விடை. வெளியேற்றத் திட்டம் முழுவதும் அதைப் பொறுத்தது.

இவற்றைச் செய்யத் தொலைவில் எங்கும் போக வேண்டியதில்லை. புவி, காலநிலை அறிவியல் துறை உள்ள ஐசர், பொறியியலுக்கு ஐஐடி, நெடுநாள் புவியியல் துறை கொண்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் திருப்பதியிலேயே இருக்கின்றன. அலைக் கணக்கில் பழகிய இன்காய்ஸ் ஐதராபாத்திலும், ஆழ்கடல் கருவிகளைச் செய்யும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் சென்னையிலும் இருக்கின்றன. ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாகி கிராமங்கள் 2020-லேயே யுனெஸ்கோவின் சுனாமித் தயார்நிலைச் சான்று பெற்றுவிட்டன. அதற்கு ஊர் வரைபடமும் ஒத்திகையும் பயிற்சியும்தான் மூலதனம். வாகாடு, சூலூர்பேட்டைக் கரையூர்களையும் அந்தப் பட்டியலுக்குக் கொண்டுவர மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். அந்தத் தயாரிப்பில் நிலநடுக்க அலையோடு சரிவு அலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

அதுவரை கரையில் வாழ்பவர்களும் வேலைசெய்பவர்களும் நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான். நிலம் சில நொடிகளுக்கு மேல் ஆடினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, கடலிலிருந்து பேரிரைச்சல் கேட்டாலோ, சைரனுக்காகவும் கைப்பேசிச் செய்திக்காகவும் காத்திருக்காமல் உடனே மேடான இடத்துக்குப் போய்விட வேண்டும். முதல் அலை வடிந்ததும் வலையையும் படகையும் பார்க்கத் திரும்பக் கூடாது. அடுத்த அலைகள் அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.